இடைவெளி விடாத கோடு

கருவோடைப்பட்டியின் நடுவே போகிற நெடுஞ்சாலையில் வெள்ளைக்கோடு போட்டு முடித்த அன்று சாயங்காலமே, அந்தக் கோட்டை யாராலும் தாண்ட முடியாது என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. முதலில் தெரிந்துகொண்டவை புரோட்டாக் கடை செல்லச்சாமியின் வெள்ளாடுகள். வடக்கே மேய்ந்துவிட்டுத் திரும்பிய ஆடுகள் கோடுவரை வந்து, முட்டாமல் மோதாமல், மடை மாற்றிய தண்ணீர் போல அப்படியே திரும்பிக் கோட்டோரமாகக் கிழக்கே நடந்தன. பின்னால் வந்த செல்லச்சாமியின் கால்களும் கோட்டருகே வந்ததும் கிழக்கே திரும்பின. பாலம்வரை நடந்து, கோடு முடிகிற இடத்தில் தெற்குப் பக்கம் மாறி, மறுபடி மேற்கே நடந்து, இருட்டுவதற்குள் வந்து சேர்ந்தான். ஏன் தாமதம் என்று கேட்ட பெண்டாட்டியிடம், "கோடு போட்டிருக்கான்ல, சுத்தி வந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தான்.

அதற்கு முன்பு அங்கே இருந்தது விட்டுவிட்டுப் போட்ட கோடு. பார்த்துப் போகலாம், முந்தலாம், தாண்டலாம் என்று அதற்கு அர்த்தம். பார்க்காமலேயே முந்தினார்கள், பார்க்காமலேயே தாண்டினோம், வருஷத்துக்கு ஐந்தாறு பேரை அந்தச் சாலை வாங்கிக்கொண்டிருந்தது. ஊர் கூடி மறியல் செய்த பிறகுதான் முழுக்கோடு போட ஆள் அனுப்பினார்கள். வண்டியில் கொப்பரை வைத்து வெள்ளைப் பொடியைக் காய்ச்சி, கயிறு பிடித்து, சூடாகக் கோடு இழுத்து, ஆறுவதற்குள் அதன்மேல் கண்ணாடிமணியைத் தூவிக்கொண்டே வந்தார்கள். பின்னாலேயே இரண்டு பேர் பூனைக்கண்களைப் பசை வைத்து ஒட்டிக்கொண்டு வந்தார்கள். விளக்கு பட்டால் மின்னுகிற கண்கள் அவை.

ஊருக்குள் ஓரிடத்தில் மட்டும் ஆள் தாண்ட இடைவெளி விட வேண்டும் என்று மேஸ்திரியின் கையில் வரைபடம் இருந்தது. அந்த இடைவெளி மாரியம்மன் கோயிலுக்கு எதிரே வர வேண்டும் என்றார்கள் வடக்கூர்க்காரர்கள். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே என்றார்கள் தெக்கூர்க்காரர்கள். திருவிழாவில் யார் முதலில் பானை வைப்பது என்று ஆரம்பித்த பழைய சண்டை அன்று சாலைக்கு வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் நின்றோம். கொப்பரையில் பெயிண்ட் இறுகிக்கொண்டிருந்தது, இறுகினால் அந்தக் கொப்பரையே வீண். கடைசியில், "அவனுக்குக் கிடைக்கிறதுக்கு யாருக்குமே வேண்டாம், நீ நேரா இழு" என்று ஒருவர் சொன்னார். எந்தப் பக்கத்து ஆள் என்று இன்றுவரை இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளவில்லை. மேஸ்திரி நேராக இழுத்துவிட்டார்.

ஒரு மாதத்துக்குள் அந்தக் கோட்டோடு வாழ்வது எப்படி என்று ஊர் கற்றுக்கொண்டது. கை போகும், கால் போகாது. பால் தூக்கு போகும், அரிசி மூட்டை போகும், பேச்சும் வசவும் போகும். ஒரு தடவை தரையில் கால் பதித்து நடந்த எவரையும் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. கோட்டுக்கு நேரே வந்ததும் ஆள் ஆட்டுக்கல்லாகக் கனத்துவிடுவார். நடை பழகாத பிள்ளைகள் போயின. வடக்கூரில் பிறந்த பிள்ளைகளுக்குத் தெக்கூர் மாமன்மார் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே காது குத்த மடி கொடுத்தார்கள். செத்தவர்களும் போனார்கள்.

அது தெரிந்தது அணஞ்சபெருமாள் தாத்தா இறந்தபோது. வீடு வடக்கே, சுடுகாடு தெற்கே. பாடையோடு பாலத்தைச் சுற்றலாம் என்று கிளம்பியவர்கள் கோட்டருகே பாடையைத் தோள் மாற்றியபோது அது காகிதம்போல இந்தப் பக்கம் சாய்ந்து வந்தது. கீழே விழாமல் பிடித்தவர்கள் தெக்கூர்க்காரர்கள். பிடித்த பிறகு விட முடியுமா. பேச்சுவார்த்தை இல்லாத அந்த நாலு பேரும் சுடுகாடுவரை சுமந்தார்கள். மகன் சுற்றி வரும்வரை கொள்ளி வைக்காமல் காத்திருந்தார்கள், அவன் வந்ததும் ஒருவர் பீடி நீட்டினார். அதிலிருந்து வடக்கூர்ச் சாவுக்குத் தெக்கூர்த் தோள் என்பது வழக்கமாகிவிட்டது. பாடை கோட்டைத் தாண்டும்போது பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அதுவரை ஒருவேளை உயிர் இருக்குமோ என்று நினைத்திருந்தாலும், தாண்டியபிறகு அந்த நினைப்புக்கு இடமில்லை.

சாலைத் துறையிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். கோட்டின் அகலத்தையும் கனத்தையும் அளந்தார். டார்ச் அடித்துக் கண்ணாடிமணி வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறதா என்று பார்த்தார். பிறகு தாண்டிப் பார்த்தார். கால் திரும்பியது.

"எல்லாம் விதிப்படிதான் இருக்கு. முழுக்கோடுன்னா தாண்டக் கூடாதுன்னுதான் அர்த்தம்" என்றார்.

"மத்த ஊர்ல தாண்டுதாங்களே சார்" என்றான் செல்லச்சாமி.

"மத்த ஊர்ல மதிக்கிறதில்லை" என்று சொல்லிவிட்டு, இடைவெளி விட மேலிடத்து உத்தரவு வேண்டும், எழுதுகிறேன் என்றார். எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவர அவரும் பாலத்தைச் சுற்றித்தான் போனார்.

சாலையில் அடிபட்டுச் சாவது நின்றுவிட்டது. அதையும் சொல்ல வேண்டும். முந்த வந்த லாரிகள் முந்தாமல் பின்னால் ஒதுங்கின. குறுக்கே ஓடுகிற ஆளே இல்லை. எந்தச் சக்கரமும் கோட்டைத் தொடாததால், நிற்பதற்குக் கோடுதான் அந்தச் சாலையிலேயே பத்திரமான இடம் என்று ஊருக்குப் புரிந்தது.

எனக்கு அந்தக் கோட்டில் வேறு கணக்கு இருந்தது. நான் தெற்கே, சாலை வளைகிற இடத்தில், பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. கோடு போட்ட அன்று என் மனைவி சீனியம்மாள் வடக்கே இருந்தாள்.

அவள் போனது அதற்கு ஒரு வாரம் முன்பு. முறுக்கு விற்கிற ராசம்மாளை எங்கள் வாசலுக்கு நேரே கார் அடித்துப் போட்டது. தெறித்ததைக் கழுவியவள் சீனியம்மாள். கழுவிவிட்டு வந்து, "வடக்க என் தங்கச்சி வேலம்மா வீட்டுல ஒரு ரூம்பு சும்மா கெடக்கு. உள்தெரு. அங்க போயிருவோம்" என்றாள். பஞ்சர் கடை என்றால் ரோட்டோரம்தான் இருக்க வேண்டும் என்றேன். "கடை இருக்கட்டும். நாம எதுக்கு ரோட்டுமேல படுக்கணும்?" என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல்லலாம் என்றிருந்தேனா, சொல்லாமல் விட்டால் அவளாக மறந்துவிடுவாள் என்றிருந்தேனா, எனக்கே சரியாகத் தெரியவில்லை. இரண்டொரு நாள் பார்த்தாள். பிறகு ஒரு பையை எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து, சாலையைத் தாண்டிப் போய்விட்டாள்.

இப்போது அவள் பயந்த சாலை இல்லை. வருவதற்குக் காரணம் இருந்தது, வழிதான் இல்லை. பாலம் கிழக்கே இரண்டு கிலோமீட்டர், அவளுக்கு முழங்கால் வலி. எனக்குக் கடை. கடையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். ட்யூப் வாங்க அதே கடையைப் பூட்டிவிட்டுத் தெற்கே உள்ரோட்டில் போகிற பஸ்ஸில் போய் அரைநாள் கழித்து வந்திருக்கிறேன்.

சாயங்காலம் ஆனதும் அவள் கோட்டுக்கு வருவாள். நானும் போய் நிற்பேன். இரண்டு பக்கமும் லாரிகள் போகும், நடுவில் நாங்கள்.

"சாப்பிட்டீகளா?"

"ம்."

"என்னத்த?"

"செல்லச்சாமி கடையில புரோட்டா."

"நேத்தும் அதான், முந்தாநாளும் அதான். வயித்துக்குள்ள பசையாத்தான் கெடக்கும். பஞ்சர் ஒட்ட எடுத்துக்கோங்க."

தூக்குவாளியை நீட்டுவாள், வாங்கிக்கொள்வேன். காலி வாளியைத் திருப்பிக் கொடுப்பேன். வா என்று நான் சொன்னதில்லை. வரட்டுமா என்று அவள் கேட்டதில்லை. கோடு இருக்கும்போது அதையெல்லாம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அவளால் வர முடியவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். வர விருப்பமில்லையோ என்ற கேள்வியைக் கோடு தடுத்து வைத்திருந்தது.

ஆனால் எந்தக் கோடும் தேயும். சக்கரம் தொடாத கோட்டையும் வெயிலும் மணலும் ஆட்டுக்குளம்பும் தேய்த்தன. தேய்ந்தால் மறுபடி முந்துவார்கள், மறுபடி பிணம் விழும் என்று இரண்டு ஊரும் முதல்முறையாக ஒத்துக்கொண்டன. அவரவர் வாசலுக்கு நேரான கோடு அவரவர் பொறுப்பு. மேஸ்திரி விட்டுப்போன பொடி மூட்டைகளைக் கோயில் அண்டாவில் போட்டுக் காய்ச்சினோம். பொங்கல் வைத்த அண்டாவில் தார்க்கொப்பரை நாற்றம் ஏறியது. தகரப்பலகையை இரண்டு பக்கமும் வைத்து, கரண்டியால் ஊற்றி, மேலே கண்ணாடிமணியைச் சர்க்கரைபோலத் தூவினோம். மணி தூவாவிட்டால் இரவில் கோடு குருடு. பூனைக்கண்களைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவது பெண்கள் வேலையாயிற்று. கழுவினதைச் சும்மா விடுவானேன் என்று யாரோ ஒருத்தி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். ஆடி பிறந்ததும் எல்லோரும் வைத்தார்கள்.

அந்த ஆடியில்தான் என் கடைக்கு நேரே கோடு மற்ற இடத்தைவிட வேகமாகத் தேய்ந்தது. காரணம் நாங்கள்தான். தினமும் சாயங்காலம் இரண்டு பேர் நின்று செருப்பைத் தேய்த்த இடம். ஒருநாள் காலையில் கூட்டிக்கொண்டிருந்தபோது கவனித்தேன், ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக்கு அடியில் தார் தெரிந்தது. காலை வைத்துப் பார்த்தேன். பாதம் வடக்கே போய், அங்கே தரையில் பதிந்தது. சுட்டதுபோல் எடுத்துக்கொண்டேன்.

செய்தி மத்தியானத்துக்குள் பரவிவிட்டது.

"அண்ணே, உங்க பங்கு தேஞ்சிருக்காம்லா" என்றான் செல்லச்சாமி. "பூசிருவீகளா, இல்ல மதினி வரட்டும்னு விட்ருவீகளா? ஊர்ல பந்தயம் கட்டிட்டிருக்கானுக."

"நீ எதுல கட்டின?"

"நான் புரோட்டா விக்கிறவன். நீங்க பூசினாத்தான் எனக்கு யாவாரம்."

நான் அண்டாவிலிருந்து ஒரு வாளி பெயிண்ட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். தேய்ந்த இடம் தேய்ந்தபடி இருந்தால் நாளைக்கு ஒரு குழந்தை அதன் வழியாக ஓடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். உண்மையான காரணம் கையில் இருக்கும்போது மற்றதைத் தேட வேண்டியதில்லை.

குனிந்து பலகையை வைத்தபோது எதிரே அவள் கால்கள் தெரிந்தன. வழக்கத்துக்கு முன்னாலேயே வந்திருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். பின்னால் வேப்பமரத்தடியில் வேலம்மாளும் இன்னும் நாலைந்து பெண்களும் நின்றார்கள். அவள் கையில் தூக்குவாளி இல்லை. பை இருந்ததா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வேண்டாம் என்று அவள் சொல்வாள் என்று காத்துக்கொண்டே கரண்டியை முக்கினேன். நான் நிறுத்துவேன் என்று அவள் காத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். பெயிண்ட் ஓரத்தில் தோல் கட்டத் தொடங்கியது.

"ஆறுதுல்ல" என்றாள்.

ஊற்றினேன்.

"நல்லாக் கெட்டியா ஊத்துங்க. அந்த மூலையில விட்டுப்போச்சு பாருங்க."

மூலையிலும் ஊற்றினேன். கண்ணாடிமணியைத் தூவினேன். தூவி முடிக்கும்வரை நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள். வேலம்மாள் மட்டும் அங்கேயே நின்று, "அத்தான், ஒங்களுக்குக் கையி ரொம்ப நேரா வருது" என்றாள்.

அதற்கப்புறம் சாயங்காலம் அவள் வரவில்லை. நான் போய் நின்றேன். வந்த கால்தானே, இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று மறுநாளும் நின்றேன். சுற்றிப் போய் வேலம்மாள் வீட்டுக் கதவைத் தட்டுவதைப் பற்றி நினைத்தேன். கதவைத் திறந்து அவள் என்ன கேட்பாள் என்பதுவரை நினைத்தேன். ஏன் ஊத்தினீக என்று கேட்பாள். பதில் தயாரானதும் போகலாம் என்றிருந்தேன்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று வடக்கூர் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். பொழுது சாய்ந்ததும் மேற்கேயிருந்து காற்று செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்தது. சாலை மங்கியது. வண்டிகள் முகவிளக்கைப் போட்டுக்கொண்டு வந்தன. வழக்கமாக அந்த வெளிச்சத்துக்கு வளைவு நெடுக மஞ்சள் கண்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும். அன்று ஒரு கண்ணும் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் மேலும் அப்பிய மஞ்சளும் விரல் கனத்துக்குக் குங்குமமும். கோடும் செம்மண்ணுக்கு அடியில் கிடந்தது. கடையிலிருந்து அதைப் பார்த்ததும் நாரும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கோட்டுக்கு ஓடினேன்.

அப்போதுதான் எதிரே அவள் வருவதைப் பார்த்தேன். ஒரு கையில் கூழ் தூக்கு. மறு கையால் கண்ணில் தூசி விழாமல் மறைத்துக்கொண்டு, கோட்டில் ஆள் நிற்கிறது என்று என்னை மட்டும் பார்த்து வந்தாள்.

"நில்லு. அங்கேயே நில்லு" என்றேன்.

"கூழ் ஆறிரும்" என்றாள்.

குட்டியானை ஒன்று மேற்கேயிருந்து வந்தது. வாழைத்தார் ஏற்றிய சின்ன வண்டி. சாலை எங்கே வளைகிறது என்று அந்த ஓட்டுநருக்குச் சொல்ல அன்று சாலையில் ஒன்றுமில்லை. கடைசி நேரத்தில் ஒடித்தான். வண்டியின் பக்கவாட்டு அவளைத் தட்டியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. தூக்கு உருண்டு கோட்டைத் தாண்டி என் காலடிக்கு வந்தது. அவள் கோட்டை ஒட்டி வடக்கே விழுந்தாள். ஒரு கை மட்டும் கோட்டுக்கு இந்தப் பக்கம் கிடந்தது.

நான் மண்டியிட்டேன். காலை வைக்கப் போனேன், திரும்பியது. மறுபடி வைத்தேன், திரும்பியது. நான் ஊற்றிய இடம் அது. ஊரிலேயே கெட்டியான இடம்.

"சீனியம்மா" என்றேன். கண் மூடியிருந்தது. மூச்சு இருக்கிறதா என்று அந்தத் தூசியில் எனக்குத் தெரியவில்லை. வடக்கேயிருந்து ஆட்கள் ஓடி வருகிற சத்தம் கேட்டது. அவர்கள் வந்து பார்த்துச் சொல்லும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது, அந்த வழி ஊருக்கெல்லாம் தெரியும். அவள் கையைப் பிடித்தேன். இத்தனை மாதமாக இவள் இந்தப் பக்கம் வர வேண்டும், வர வேண்டும் என்று கிடந்தவன், வந்துவிடாதே, தாயே வந்துவிடாதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே, இரண்டு கையாலும், குதிகாலைத் தாரில் ஊன்றி, என் பலம் முழுக்க வைத்து இழுத்தேன்.

வரவில்லை. ஆட்டுக்கல்லாகக் கிடந்தாள். இன்னும் இழுத்தேன். ஒரு விரற்கடை நகரவில்லை. இன்னும் இழுத்தேன்.

"கையை விடுங்க" என்றாள் கண்ணைத் திறக்காமல். "வண்டி முறிக்காம விட்டதை நீங்க முறிச்சிராதீக."

அதற்குள் வடக்கூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். இடுப்பில் அடி, அசைக்கக் கூடாது என்றார் ஒருவர். வாழைத்தார்களைச் சாலையோரம் இறக்கிவிட்டு அதே வண்டியில் சாக்கை விரித்து அவளைக் கிடத்தினார்கள். வேலம்மாள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஓட்டுநர் அழுதுகொண்டே ஏறினான். டவுன் ஆஸ்பத்திரி கிழக்கே. வண்டி கிளம்பியது.

நானும் கிளம்பினேன். கடை திறந்து கிடந்தது, ஒரு லாரியின் சக்கரம் கழற்றியபடி கிடந்தது. கோட்டை ஒட்டியே ஓடினேன். என் பக்கத்து வண்டிகள் எல்லாம் எதிரே வந்தன, விளக்குகள் கண்ணில் அடித்தன, ஒலியெழுப்பிக்கொண்டு தோளை உரசுகிற மாதிரி போயின. கோட்டைவிட்டு ஒரு சாண் விலகினாலும் முடிந்தது. கொஞ்ச தூரம் குட்டியானையின் பின்விளக்கு எனக்கு இணையாக இருந்தது. வேலம்மாள் அதிலிருந்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். பிறகு விளக்கு முன்னே போனது, சின்னதானது, தூசியில் மறைந்தது. ஐம்பத்தாறு வயது மூச்சு விலாவில் குத்தியது. இந்தத் தூரத்தை நான் ஒருநாளும் நடந்து பார்க்கவில்லை என்பது ஓடும்போதுதான் தெரிந்தது. இங்கே ஒரு கல்வெட்டாங்குழி இருக்கிறது, இங்கே யாரோ கனகாம்பரம் போட்டிருக்கிறார்கள், இதெல்லாம் எனக்குத் தெரியாது. அவள் போன பிறகு இந்த வழியில் ஒருநாள் நடந்திருந்தால், ஒருநாள் போதும், இவள் கூழைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வந்திருக்க வேண்டாம். ஓடினேன். நடந்தேன். மறுபடி ஓடினேன்.

பாலத்தருகே இரண்டு சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. குட்டியானை ஓரமாக நின்றது.

கோடு அங்கே முடிந்து, துண்டு துண்டாகப் போகத் தொடங்கியிருந்தது. நான் முதல் துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே நின்று மூச்சு வாங்கினேன். கால் கிழக்கே திரும்பிக்கொண்டு நின்றது. கோட்டின் வேலையா என் வேலையா என்று தெரியவில்லை.

வண்டிக்குள்ளிருந்து வேலம்மாள், "நிறுத்துடா நிறுத்துடான்னு அக்கா உயிரை வாங்குதா அத்தான், சீக்கிரம் வாங்க" என்றாள்.

"அங்க கோடு இல்ல" என்றாள் சீனியம்மாள், படுத்தபடியே.

"தெரியுது."

"தெரிஞ்சா வாங்க. ரெண்டு பக்கமும் பார்த்து வாங்க."

இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு பஸ் போகட்டும் என்று நின்றேன். பிறகு தாண்டினேன். தாண்டும்போது ஒன்றும் நடக்கவில்லை, அது வெறும் தார். பின்னால் ஏறி அவள் காலருகே உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்தது.

"ஏன் ஊத்தினீக?" என்று கேட்டாள்.

பதில் இன்னும் தயாராகவில்லை. "நீ வரமாட்டேன்னு சொல்லிருவியோன்னு" என்று, தயாராகாமலேயே சொன்னேன்.

 வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது வலியில் முகம் சுளித்தாள். நான் குனிந்து அவள் இரண்டு காலையும் ஆடாமல் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வரும்வரை விடவில்லை, விடச் சொல்லி அவளும் கேட்கவில்லை.